கொல்ஹாபூர் டு ஜல்காவ்

"ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தான். மிஞ்சிப்போனா இன்னும் பத்து நிமிஷம். செம்பூர்லேர்ந்து அந்தேரி போறதுக்குள்ள ஜல்காவ்ல இறங்கிடலாம்" என்ற நிகில், கையிலிருந்த போனைச் சுஷ்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மும்பை மாட்டுங்காவில், சுஷ்மாவின் வீட்டுச் சின்ன ஹாலில் பெண் பார்க்கும் படலம் நடந்துகொண்டிருந்தது. தட்டில் கேசரியும் பஜ்ஜியும் ஆறிக்கொண்டிருந்தன. நிகிலின் அப்பா ஜம்பு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுஷ்மாவின் அம்மா பாகீரதியோ சமையலறையை விட்டு வெளியே வருவதாக இல்லை.

மற்றதெல்லாம் பொருந்திவிட்டது. இடித்தது ஊர் ஒன்றுதான். பெண்ணுக்கு ஜல்காவில் பேங்க் வேலை, மாப்பிள்ளைக்குக் கொல்ஹாபூரில். இரண்டு பேருமே வேலையை விடுவதாக இல்லை. மும்பைக்காரர்களிடம் தூரத்தைக் கேட்டால் கிலோமீட்டரிலா சொல்வார்கள்? நேரத்தில்தான் சொல்வார்கள். நிகிலும் அந்த ஒரு மணி நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டான்.

சுஷ்மாவுக்கு இந்தச் சம்பந்தம் ரொம்பவே பிடித்திருந்தது. இது நடக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் தாலி ஏறிய பிறகும் ஆளுக்கொரு ஊரில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதென்றால், அதற்குக் கல்யாணம் எதற்கு? தனிமை போதும் போதும் என்றாகியிருந்தது.

போனை வாங்கிப் பார்த்தாள். எந்த இரண்டு விமான நிலையத்தைக் கேட்டாலும் தூரமும் நேரமும் சொல்கிற வெப்சைட் அது. ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆசையோடு டிக்கெட் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"இது மேப்ல கோடு போட்டுச் சொன்ன கணக்கு. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நேரா ஃப்ளைட்டே காணுமே" என்றாள்.

நிகிலின் முகத்தில் அசடு வழிந்தது. போனைப் பிடுங்கி, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தேதி தேதியாகத் தட்டிப் பார்த்தான். ஜம்பு மின்விசிறியை விட்டுவிட்டு மகனைப் பாவமாகப் பார்த்தார்.

"எந்தத் தேதி போட்டாலும் மும்பைக்கு வந்து மாறச் சொல்றது" என்று நிகில் முனகினான்.

சுஷ்மா சட்டென்று நிமிர்ந்தாள். அடக்க முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அரே, எதுக்கு மாறணும்? மும்பையிலேயே இறங்கிட்டா ஆச்சு. வாரா வாரம் லீவு நாள்ல இந்த வீட்டுலயே குடித்தனம்."

நிகில் துள்ளி எழுந்து அவளோடு கை தட்டிக்கொண்டான். இத்தனை சுலபமான விஷயத்துக்கா இவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுஷ்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்பா, உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று நிகில் கேட்க, ஜம்பு வேகவேகமாகத் தலையாட்டினார்.

சுஷ்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வெக்கப்பட்டது போதும், காப்பி எடுத்துண்டு வா. உன்னைப் பாக்கத்தானே மாப்பிள்ளை கொல்ஹாபூர்லேர்ந்து வந்திருக்கார்."

ஜம்பு அவசர அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.