தானியேலின் சாட்சி

எண்ணூர் தகரக்கூரை சபையில் சாட்சி சொல்லும் நேரம். கிரேன் ஓட்டும் தானியேல் மைக்கை வாங்குகிறார். "பெனிட்டா அப்பா அன்னிக்குக் குடிக்கல. நான்தான் கொக்கியத் தப்பா எறக்கினேன். அவரு செத்ததும், குடிச்சிகினு குறுக்க வந்தாருன்னு பொய் சொல்ட்டேன்." குடிகாரன் மகள் என்ற பேரோடு கல்லூரி முடித்த பெனிட்டா பாயில் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டர் "அல்லேலூயா" என்று பாட்டை எடுக்கப் பார்க்கிறார். "இருங்க பாஸ்டர், இன்னும் முடியல." ஓட்டை வழியே விழும் வெயிலில் சாம்பல் தூசி மிதக்கிறது. தானியேல் பெனிட்டா பக்கம் திரும்புகிறார். "பாப்பா, நாளிக்கு போலீஸ்ல இதையே எழுதித் தரேன்." "ஜெயிலுக்கு இட்டுகினு பூடுவாங்க அங்கிள்." "போட்டும்மா. ஆறு வருசமா கர்த்தர் பேரச் சொல்லவே பயந்துகினு கெடந்தேன். இன்னிக்கு பயமில்ல." அவரைக் கிழித்தெடுக்க வேண்டியவள் பாயை விட்டு எழவில்லை. அப்பாவைக் கொன்ற ஆள் இவ்வளவு உயரமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.