பாருக்குப் போன பெண்கள்

மறியல் நாலு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நாலே காலுக்கு வந்திருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மைக் செட்காரர்.

மது எதிர்ப்புக் குழுச் செயலாளர் ஞானதாசன் எதிரே இருந்த பாரை முறைத்தார். ஆறு வருடமாக அதே இடத்தில் நின்று முறைக்கிறார். தங்கை புருஷன் சிலுவைதாசன் அங்கே குடித்துக் குடித்து வீட்டை அழித்ததில் தொடங்கிய போராட்டம். கலெக்டருக்கு மனு, அமைச்சருக்கு மனு, பதினோரு நாள் ஜெயில் எல்லாம் ஆகிவிட்டது. பார் மாடி கட்டிவிட்டது.

இன்றைக்கு உள்ளே உலகக் கோப்பை. பெரிய திரையில் அர்ஜென்டினா ஆட்டம். கால்பந்து என்றால் கடலுக்குப் போவதையே தள்ளிப்போடுகிற ஊர்.

உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"இதா ஆஃப்சைடு? அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பெண் குரல். ஞானதாசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தங்கை வியாகுலம்மாளின் குரல்.

சாலையைக் கடந்து உள்ளே போனார். அந்தப் படியை அவர் மிதிப்பது அதுவே முதல் முறை.

முப்பது பெண்கள். நாற்காலி, மேசை எல்லாம் அவர்கள்தான். மறியலுக்கு வருகிறோம் என்று தலையாட்டிய அதே முகங்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு தம்ளர். முன்வரிசையில் வியாகுலம்மாள். பக்கத்தில் சிலுவைதாசன்.

"ஏட்டி வியாகுலம், இது என்ன எடம்னு தெரியுமா?"

"தெரியும்ணே. உக்காருங்க. பின்னால உள்ளவளுக்கு மறைக்குது."

"மறைக்குதா? ஊர் மானமே போவுது. உனக்காக நான் ரோட்டுல வெயில்ல நிக்கேன். நீ இங்க உக்காந்து குடிக்கியா?"

"லெமன் சோடா. குடிச்சுப் பாருங்க. உப்பு கொஞ்சம் கூடிப் போச்சு."

"சோடா குடிச்சாலும் பார் பாருதான். ஆட்டம் பாக்கணும்னா வீட்டுல டிவி இல்லியா?"

"வீட்டுல நான் ஒருத்தி கத்தினா, பக்கத்து வீட்டுக்காரி சண்டையான்னு கேட்டு வாறா. ஆட்டம்னா நாலு பேரு சேந்து கத்தணும்லா?" வியாகுலம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா வந்து ஏறிரல. எந்த பார்ல கூட்டம் சேருதுன்னு விசாரிச்சோம். அஞ்சுகிராமம் வரைக்கும் போய்ப் பாத்தோம். ஒண்ணுல டிவி சின்னது. இன்னொண்ணுல ஆளே இல்ல. இதுதான் கொள்ளாம்."

"பார் தேடி அலைஞ்சியளா?"

பின்வரிசையிலிருந்து அடுத்த தெரு லிஜி சொன்னாள்: "மாமா, ஒண்ணு உக்காருங்க, இல்லன்னா வெளியே போங்க. கார்னர் அடிக்கப் போறான்."

"நீயுமாட்டி? ரெண்டு பிள்ளையளுக்குத் தாய் நீ."

"டியூஷன் விட இன்னும் நேரம் கிடக்கு மாமா."

ஞானதாசன் சிலுவைதாசன் பக்கம் திரும்பினார். "மச்சான், நீராவது சொல்லப்பிடாதா?"

"நான் என்னத்தச் சொல்ல?" சிலுவைதாசன் தன் தம்ளரை எடுத்து, கஷாயம் குடிப்பதுபோல் ஒரு மடக்குக் குடித்தார்.

"உங்களுக்காக ஜெயிலுக்குப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அது யார் காதிலும் விழவில்லை. பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தது. முப்பது பேரும் ஒரே குரலில் "சே" என்றார்கள்.

ஞானதாசன் வெளியே வந்தார். வாசலில் பார் முதலாளி அனில்குமார் நின்றிருந்தான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடும்."

"எனக்கு எங்க அண்ணாச்சி சிரிப்பு வருது?" அனில்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். "ஒரு உபகாரம் செய்யணும். இவ்வளவு பேரையும் உங்க மறியலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பந்தல் வேணும்னா நான் போட்டுத் தாரேன்."

"நீரா? எதுக்கு?"

"பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கும்போது எவன் அண்ணாச்சி குடிப்பான்? நேத்து ஆறு பேரு வந்தாவ. இன்னைக்கு முப்பது. ஆம்பளைங்க எட்டிப் பாத்துட்டு அந்தாக்குல வீட்டுக்குப் போறாங்க. போகாதவன் சோடா குடிச்சிட்டுச் சமத்தா உக்காந்திருக்கான். பொம்பளையளப் போகச் சொன்னா, நாங்களும் காசு குடுத்துத்தானே வாங்குதோம்னு கேக்காவ. என்னத்தச் சொல்ல?"

ஞானதாசன் திரும்பிச் சிலுவைதாசனின் தம்ளரை எட்டிப் பார்த்தார்.

"போன உலகக் கோப்பைக்கு ஒரு மாசம் இங்க நிக்க எடம் கிடையாது. இந்தத் தடவை ஃபைனல் வரைக்கும் தெனமும் வருவோம்னு உங்க தங்கச்சி இப்பவே சொல்லிட்டாவ." அனில்குமார் குரலைத் தாழ்த்தினான். "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. நீங்க எதிர்ல நின்ன ஆறு வருசத்துல ஒரு நாள்கூட எனக்கு யாவாரம் குறைஞ்சதில்ல."

உள்ளே மறுபடியும் கூச்சல். அதில் தங்கையின் குரல் தனியாகக் கேட்டது. புருஷனைப் பற்றி அழாமல் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து ஞானதாசன் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர் மைக் செட்காரரைப் பார்த்து, கட்டிவைக்கச் சொல்லிக் கை காட்டினார். செருப்பை உதறிவிட்டுப் படியேறியவர், பாதியில் நின்று திரும்பினார்.

"அனில்குமாரே, நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு? நாற்காலி இன்னும் நாப்பது போட்டு வையும்."