அடைப்பு

“மூணு நாளா ஒண்ணும் ஓடல. ஆமையை நம்பினா ஆகாது. நீ கண்டுபிடிச்சுக் குடு, உன்னை நிரந்தரம் பண்றது என் பொறுப்பு” என்றார் மேலாளர்.

அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாளை மாலையோடு தகுதிகாண் பருவம் முடிகிறது. படுக்கையில் கிடக்கும் கணவனும் பள்ளிக்குச் செல்லும் மகளும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தனர்.

அந்நிறுவனத்தின் கணக்குகள், கடிதங்கள், ஆணைகள் அனைத்தையும் நேரப்படி வரிசையாக ஓட்டுவது ஒரு மென்பொருள். அதுதான் சிலையாக நின்றுவிட்டது. அந்த வரிசையைக் கண்காணிப்பவர் பக்கத்து இருக்கைப் பெரியவர். எதிலும் நிதானம், ஆகவே, ஆமை.

“எதுக்கும்மா இப்படி உசிரை விடறே? நாளன்னைக்குப் பாத்துக்கலாமே.”

“ஓய்வு வாசல்ல நிக்கறீங்க, காலை நீட்டிக்கலாம். எனக்கு அப்படியா சார்?”

அவர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பிடக்கூட எழாமல் தேடியவளுக்கு அடைப்பு அகப்பட்டது. ‘நான் முடிந்த பிறகே நான் தொடங்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு ஒரு வெற்றுப் பணியை எவரோ வரிசையின் தலையில் நிறுத்தியிருந்தார். மறுக்கத் தெரியாத மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டு காத்துக் கிடந்தது. பின்னால் அத்தனையும் முடங்கின.

அனுப்பிய கணினி, ஆமையுடையது.

“சார்… நீங்களா?”

“மெதுவா பேசும்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விட்டுடு. காரணம் கேக்காதே.”

“நல்லா இருக்கே! உங்களுக்காக நான் நடுத்தெருவுல நிக்கணுமா?”

மேலாளரிடம் ஓடினாள். சற்று நேரத்தில் காவலாளி வந்தார். ஆமை மூக்குக் கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

“சபாஷ்! அடைப்பை எடு” என்றார் மேலாளர்.

எடுத்தாள். வரிசை நகர்ந்தது.

அடுத்த நொடியே அவளுடைய திரை இருண்டது. கைப்பேசி சிணுங்கியது: ‘தங்கள் பணி இத்துடன் முடிவுக்கு வருகிறது.’ அடியில் மேலாளரின் கையொப்பம். அது திங்கட்கிழமையே இடப்பட்டிருந்தது. மென்பொருள் நின்றுபோனதும் அதே திங்கட்கிழமைதான்.

பேருந்து நிறுத்தத்தில் ஆமை நின்றிருந்தார். அவள் தோளில் தொங்கிய பையைக் கண்டதும் தலைகுனிந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்…”

“சொல்லியிருந்தா உன்னையும் உடந்தைன்னு சேத்திருப்பாங்க. நாளைச் சாயங்காலம் வரைக்கும் அந்த ஆணை போகலைன்னா நீ தானாவே நிரந்தரம். ஒரு நாள்தாம்மா பாக்கி இருந்துச்சு.”