எட்டாம் மாடிக் கட்டில்

கட்டிலின் தலைமாடு எனக்கு, கால்மாடு மச்சானுக்கு. ஐந்தாம் மாடியிலிருந்து எட்டாம் மாடிக்குப் பின்பக்கப் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தோம்.

முன்பக்க லிஃப்டில், அறைகளைச் சரிபார்க்க வந்த மூன்று வெளிநாட்டுக்காரர்களை ஓட்டல் மேனேஜர் மாடிக்கு மாடி நிறுத்தி, ஜன்னலில் ஊரைக் காட்டிக் காட்டி மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

விளையாட்டுப் போட்டிக்கு முந்நூறு அறை தயார் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. உண்மையில் மாடிக்கு ஒரு அறைக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தது. கட்டில், மேசை, விளக்கு, திரை எல்லாம் மொத்தமே ஒரு செட். மீதி கப்பலில் வருகிறதாம். எந்தக் கடலில் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டாம் மாடியில் பார்த்ததையேதான் ஐந்தாம் மாடியிலும் பார்த்துத் தலையாட்டினார்கள். எட்டோடு முடிந்துவிடும்.

நான் தச்சன். கதவு மாட்டுவதுதான் என் வேலை. இந்தக் கூத்துக்கு நான் ஏன் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும்? ஓட்டலுக்குப் பின்தெருவில் இருக்கும் நாற்பத்திரண்டு வீடுகளில் ஒன்று என்னுடையது. அடுத்த வீடு மச்சானுடையது. சாமான் சுமந்த பதினாறு பேரும் அதே தெருதான்.

இன்ஜினியர் காலையிலேயே சொல்லிவிட்டார். "இது பாஸ் ஆயிட்டா இந்த ஒரு ஓட்டல் போதும். இல்லன்னா இன்னொண்ணு கட்டணும். எங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இடிக்க வேண்டிய வீடுகள் என்று எங்கள் சுவர்களில் சிவப்பு நம்பர் போட்டு ஆறு மாதமாகிறது.

கட்டிலைப் போட்டோம். மெத்தை, விரிப்பு, மேசை. மச்சான் திரையை மாட்டும்போதே லிஃப்ட் மணி அடித்துவிட்டது. வெளியே பாய்ந்து, சுவரோரம் நல்ல பிள்ளைகளாக நின்றோம். மூச்சை அடக்கியதில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

மூவரில் மூத்த அம்மாள் உள்ளே போனாள். மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மேசைமேல் அவளுடைய பேனா.

ஐந்தாம் மாடியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எல்லாச் சாமானையும் இருந்தது இருந்தபடியே வைக்க வேண்டும் என்பது உத்தரவு. மச்சான், புத்திசாலி, பேனாவையும் இருந்தபடியே வைத்திருக்கிறான்!

தொலைந்தோம். என் வீடு கண்முன்னாலேயே இடிந்து விழுந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். மேனேஜரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கைதட்டினாள்.

மேனேஜர்தான் மொழிபெயர்த்தார். விருந்தாளி மறந்த பொருள் விருந்தாளிக்கு முன்பே மாடி ஏறி வந்துவிட்டதாம். இப்படி ஒரு உபசரிப்பை அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம். பாஸ்!

மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். எனக்கும் கண் கலங்கியது.

அவர்களை லிஃப்டில் ஏற்றிவிட்டு, இன்ஜினியரையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் ஓடி வந்தார். நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

"அடிச்சுது யோகம்! பாதிப் போட்டிதான் கேட்டோம், இப்ப முழுசையும் இங்கேயே வைக்கிறாங்களாம். இன்னும் அறுநூறு ரூம் வேணும். இன்ஜினியர் சார், பின்னாடி வீடுகளை இடிக்க வெளியாள் எதுக்கு? இவங்களையே போடுங்க. என்ன வேகம் பாத்தீங்கல்ல!"

இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

நாற்பத்திரண்டு வீட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று மேனேஜர் என்னிடமே கேட்டார்.