கடவுளுக்கு எதிர்க்கட்சி

"கடவுள் இல்லையெண்டு சொன்னனியோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தும் சனம் கோயில் வாசலை விட்டு அசையவில்லை. கேட்டவர் தோமஸ் சம்மாட்டி. மூன்று வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருக்கிற மனுசன். வருசா வருசம் திருவிழாக் கூத்தில் ராசா வேசம் கட்டிக் கட்டி, வீட்டில் உப்புக் கேட்டாலும் அவருக்குக் கட்டளை மாதிரித்தான் வரும்.

"சொன்னனான்தான், ஆனால்..." என்றான் மரியநேசன்.

"ஆனால் கீனால் ஒண்டும் வேண்டாம்!"

முல்லைத்தீவுக் கரையில் இருந்த அந்த ஊரிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் மரியநேசன். லீவில் வந்திருந்தான். அவனுக்கு முன்னமே பேப்பர் வந்துவிட்டது. 'கடவுள் இல்லை: விவாதத்தில் மரியநேசன் வெற்றி!' தலைப்புக்குக் கீழே ஒருத்தரும் வாசிக்கவில்லை. சண்டை பிடிக்கத் தலைப்பே போதும்தானே.

"அது விவாதம், சம்மாட்டியார். இரண்டு கட்சி. சீட்டுக் குலுக்கினவை. எனக்கு 'இல்லை' விழுந்தது."

"விழுந்தா என்ன? வயித்துக்குத்தெண்டு சொல்லிப்போட்டுப் படுத்திருக்கலாமே!"

"மற்றப் பக்கத்தையும் ஒருத்தன் பேசினால்தானே எது சரியெண்டு தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும்! மற்றப் பக்கம் எங்களுக்குத் தேவையில்லை!"

"ஓம், ஓம்" என்றது சனம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு அந்த ஊரே கூடி நின்று மரியநேசனின் வாய்க்கு மூடி தேடியது.

சம்மாட்டி தீர்ப்புச் சொன்னார். இனிமேல் எந்த மேடையிலும் வாய் திறக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திருவிழாவுக்கு அந்தோனியார் சுருவம் ஊர் சுற்றி வரும்போது புனிதத்தின் வீட்டுப் படலை வாசலில் நிற்காது.

புனிதம் மரியநேசனின் தாய். புருசனைக் கடல் கொண்டுபோன வருசம்கூட அந்தப் படலையில் சுருவம் நின்றது. அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"வைச்சுவிடு தம்பி. வாயைச் சோத்துக்குத் திறந்தாப் போதும்."

"அடுத்த மாசம் கொழும்பில கடைசிப் போட்டி, அம்மா. நான்தான் பேசவேணும்."

"எனக்குக் கொழும்பு வேண்டாம். என்ர அந்தோனியார் வேணும்."

தாய் அழுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"பேனையைத் தாங்கோ, சுவாமி."

பூசை முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்ற சுவாமியார் பேனையைக் கொடுத்தார். "கொஞ்சம் பொறு. கையெழுத்துக்கு முன்னம் குற்றத்தை வாசிக்கவேணும், அதுதான் முறை" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

"'முதற்பரிசு பெற்ற செல்வன் மரியநேசன், தமது வாதத்தை ஒரு பாட்டோடு முடித்து மண்டபத்தையே அதிரவைத்தார்.'"

"பாட்டு வேறையோ!" என்று பல்லைக் கடித்தார் சம்மாட்டி.

"'உண்டென்றால் ஏன் ஒளித்தான்? உன் தேவனைக்
கண்டவர் ஆர் சொல்லடா...'"

பின்னால் நின்ற ஒரு மனுசி தன்னை அறியாமலே அடுத்த அடியை முணுமுணுத்தாள். சம்மாட்டியின் வலது கால் நிலத்தில் தாளம் போட்டது. கை மீசையை முறுக்கப் போனது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கை பாதியில் நின்றது.

"உது ராசா பாட்டெல்லோ!" புனிதம் கண்ணைத் துடைத்தாள். "சம்மாட்டி அண்ணை, நீங்கள் கூத்தில வேதக்காரரைப் பிடிச்சு மிரட்டேக்க பாடுறது!"

"ஓம் அம்மா" என்றான் மரியநேசன். "கடவுள் இல்லையெண்டு பேச எனக்கு ஒண்டும் வரேல்லை. சின்னனிலயிருந்து இவரின்ர வாயால கேட்டதுதான் ஞாபகம் வந்தது."

"டேய்! அது கூத்தடா! வேசமடா!"

"இதுவும் வேசம்தான், சம்மாட்டியார். உங்களுக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் தாறார், எனக்குச் சீட்டில விழுந்தது."

எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு அடக்க முடியவில்லை. சுவாமியார்கூடப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சம்மாட்டி அந்தப் பேப்பரை வெடுக்கென்று பறித்தார். விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தேடினார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"முதல் பரிசோ?"

"ஓம்."

"மண்டபம் அதிர்ந்ததோ?"

"கைதட்டு ஓய அஞ்சு நிமிசம் போச்சுது."

"அப்ப... சுருவம்?" என்று இழுத்தாள் புனிதம்.

"சுருவம் நிக்கும், நிக்கும். அது வேற கதை." சம்மாட்டி மரியநேசனின் கையிலிருந்த பேனையைப் பிடுங்கிச் சுவாமியாரிடம் கொடுத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, ராசா குரலில் உறுமினார்:

"கொழும்பில முதல்ல என்ர பேரைச் சொல்லு. பிறகு கடவுள் இல்லையெண்டு சொல்லு!"