துலேகென் அணைக்காத பெட்டி

“அந்தப் பெட்டியை அணைக்கப் போறியா இல்லையா?”

மைக்கைப் பிடித்தபடியே கத்தினான் அமன்கெல்தி. இன்றைக்கு அவன் மகள் ஐசுலுவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் விருந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்துவிடுவார்கள்.

பாஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நின்ற துலேகென் அசையவில்லை. அவன் காலடியில் அந்தப் பெட்டி, நீல நிறக் கோரஸ் பெடல். அதை மிதித்தால் ஒரு தந்தியை ரெண்டு பேர் சேர்ந்து மீட்டுவது போலக் கேட்கும். ஒலி லேசாக அலையடிக்கும்.

“பாஸ்னா தரை மாதிரி கெட்டியா நிக்கணும்டா. நீ சேறு கலக்குறே. நான் எங்கே காலை வெக்கிறது?”

“முட்டி வலிடா. குனிய முடியலை.”

“காலால மிதிக்கிற சாமானுக்கு எதுக்குடா குனியணும்?”

கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த ரௌஷானுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இதே கரகந்தா நிலக்கரி ஊர், இதே சுரங்கத் தொழிலாளர் மன்றம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று பேரும் முதன்முதலாக வாசித்தது இந்த மேடையில்தான். ஜெர்மனியில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, துலேகென் அந்தப் பெட்டியோடு வந்திறங்கிய வருஷம். அப்போதெல்லாம் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் மிதிப்பான். விளக்கைக் குறைத்து ஜோடி ஜோடியாக ஆடுகிற கடைசிப் பாட்டு. அந்த ஒலி எழும்பினால் போதும், மை தீட்டியது போலக் கண்ணோரத்தில் கரி படிந்த பையன்கள் எழுந்து வருவார்கள். ரௌஷானின் வீட்டுக்காரரும் அப்படி வந்து மேடையோரம் நின்றவர்தான்.

இப்போது எட்டு வருஷமாக எல்லாப் பாட்டுக்கும் மிதிக்கிறான். வயசானதும் தன் வாசிப்பு தனியாகத் தெரியணும் என்ற ஆசை போல.

“அதுல பாட்டரிகூடத் தீராதா?” என்றாள்.

“நான் மாத்தினதா ஞாபகமே இல்லை, ரௌஷான். அது பாட்டுக்கு ஓடுது. பழைய ஜெர்மன் சாமானாச்சே.”

விருந்துக் கூடம் நிறைந்தது. தட்டுகளில் இறைச்சியும் பொரித்த பவுர்சாக் உருண்டைகளும் ஆவி பறக்க, அமன்கெல்தி எழுந்தான். தன் கல்யாணத்தில் பாடிய அதே பாட்டை மகளுக்காகப் பாடப் போகிறான்.

‘ஆண்டவனே, இவன் மானத்தை நீதான் காப்பாத்தணும்’ என்று வேண்டிக்கொண்டே, ரௌஷான் காலை நீட்டி அந்தப் பெடலை அமுக்கி அணைத்துவிட்டாள்.

பாஸ் மொட்டையாக, நேராக எழுந்தது. இரண்டாவது அடியிலேயே அமன்கெல்தியின் குரல் சுருதியை விட்டுக் கீழே இறங்கியது. முப்பது வருஷம் சுரங்கத்தில் துளை போடும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டு மழுங்கிய காது. சம்பந்தியம்மாள் தலையைத் தட்டுப் பக்கம் தாழ்த்திக்கொண்டாள். ஐசுலு முக்காட்டு நுனியைக் கடித்தாள்.

அமன்கெல்தி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. துலேகெனின் காலைத்தான் பார்த்தான்.

துலேகென் மிதித்தான். ஒலி அகலமாக விரிந்தது. எது சரி, எது இறக்கம் என்று பிரிக்க முடியாத அந்த அலைக்குள் குரல் பத்திரமாக ஒண்டிக்கொண்டது. பாட்டு முடிந்தபோது சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முகம் எரிய, ரௌஷான் துலேகென் பக்கம் சாய்ந்தாள். “இதுக்குத்தானா? அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எதுக்கு? தெரிஞ்சா பாடுறதையே விட்டுடுவான். திட்டிட்டுப் போகட்டும்.”

சொன்னது போலவே அமன்கெல்தி வந்தான். “உன் பெட்டியாலதான்டா என் பாட்டு கெட்டுச்சு.”

“அடுத்த தடவை அணைச்சிடுறேன்டா” என்றான் துலேகென்.

ஐசுலுவின் கார் போய்விட்டது. எல்லாரும் தேநீர் குடிக்க நகர்ந்தார்கள். கீபோர்டு உறையை எடுக்க ரௌஷான் மேடைக்குத் திரும்பினாள்.

அங்கே அமன்கெல்தி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பெடலின் அடிமூடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு புது பாட்டரியை எடுத்து உள்ளே பொருத்திக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

“துலேகென்கிட்ட சொல்லிடாதே, ரௌஷான். எட்டு வருஷமா என்னை ஏமாத்துறதா நினைச்சுக்கிட்டு இருக்கான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், மனசு ஒடிஞ்சிடுவான்.”