நிரந்தரமாக மூடப்பட்டது

பாளையங்கோட்டையில் எஸ்தரின் இட்லிக் கடையை யாரோ இணைய வரைபடத்தில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓட்டுநரில்லாக் கார்கள் அங்கே நிற்பதேயில்லை. அவள் புகார் சொன்னபோது, “கடை திறந்திருப்பதாகப் பத்து வாடிக்கையாளர்கள் எழுத வேண்டும்” என்றது இயந்திரக் குரல்.

“வண்டியே நிக்கலன்னா எவன் வந்து எழுதுவான்? நான் கடைக்குள்ளதான நிக்கேன்!” என்று கத்தினாள் எஸ்தர்.

மறுநாள் அவளே நடுரோட்டில் போய் நின்றாள். கார்கள் நின்றன. இறங்கியவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு வயிறாரச் சாப்பிட்டார்கள். ஏழு பேர் புகழ்ந்து எழுதியும் விட்டார்கள்.

அதற்குள் வரைபடம் அந்தச் சாலையை ‘இடையூறு’ என்று குறித்தது. கார்களெல்லாம் பின்தெரு வழியாகப் போகத் தொடங்கின.

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, அடுப்பத் தூக்குங்க. அந்தத் தெருவுல போய் நிப்போம்.”